தகரப் பேணியில் வெங்காயம்

வாவியின் கிழக்கில் ஞாயிறு எழும் கரையை எழுவான்கரை என்றும், மேற்கில் அது படும் கரையைப் படுவான்கரை என்றும் மட்டக்களப்பார் வழங்குவர். நகரிலிருந்து வலையிறவுப் பாலத்தைக் கடந்தால் வவுணதீவு. படுவான்கரையின் தலைவாசல் என்று அதனைச் சொல்லலாம். மார்கழி, தை மாதங்களில் அங்கு நின்று நோக்கினால் கண்ணுக்கெட்டிய மட்டும் வயல்வெளியே தெரியும். மாவட்டத்தின் உலைப்பானைகள் பல இக்கரையின் நெல்லை நம்பியவை. அதே வவுணதீவின் கடையொன்றில் வெங்காயம் கேட்டால், "பம்பாயா, சின்னதா?" என்று கடைக்காரர் திருப்பிக் கேட்பார். பெயரே சங்கதியைச் சொல்லிவிடுகிறது. சோறு ஊருக்குள் விளைகிறது. கறிக்குச் சுவை கூட்டும் பெரிய வெங்காயமோ தம்புள்ளையிலிருந்தோ கடல் கடந்தோ வந்து சேரவேண்டியிருக்கிறது.

ஆசிரியத் தொழிலின் பொருட்டு அவ்வூர்ப் பக்கம் சில ஆண்டுகள் வாழ எமக்கு நேர்ந்தது. அங்கு நாம் அடைந்த ஒரு தலைகுனிவைப் பற்றியே இங்கு எழுத முற்படுகிறோம்.

2022ஆம் ஆண்டை யாரும் மறந்திருக்கமாட்டார்கள். முந்திய ஆண்டின் இரசாயன உரத் தடையால் வயல்கள் ஏற்கெனவே நொந்துபோயிருந்தன. ஜூன் மாதத்தில் அமைச்சரவை, அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமைகளில் விடுமுறை அளித்து, வீட்டில் பயிர்செய்து உண்ணுமாறு கூறிற்று. செப்ரெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். 'வீட்டுத் தோட்டம்' என்ற சொல் நாடெங்கும் மந்திரம்போல் ஒலித்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை மாதச் சம்பளம் பெறுவோருக்கு. நாட்கூலிக்குப் போகிறவனுக்கு அதை யார் அளிப்பது என்று எவரும் கேட்டதாக எமக்கு நினைவில்லை. நாமும் கேட்கவில்லை.

ஆண்டிறுதியை அண்மித்த வேளையில் நாம் கற்பித்த பாடசாலையிலும் ஒரு போட்டி வைத்தோம். மாணவர் ஒவ்வொருவரும் ஏதாவதொரு பாத்திரத்தில் பயிரொன்றை வளர்த்துக் கொண்டுவரவேண்டும். நடுவர் மூவர், அம்மூவருள் ஒருவர் நாம். மிளகாய், கத்தரி, தக்காளி, பொன்னாங்காணி என்று வகுப்பறை விறாந்தை பச்சையாயிற்று. ஏழாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி பால்மாப் பேணி ஒன்றைக் கொண்டுவந்து வரிசையின் கடைசியில் வைத்தாள். அடியில் ஆணியால் குத்திய துளைகள். உள்ளே எட்டோ ஒன்பதோ சின்ன வெங்காயம். ஆனால் தாள்கள் இல்லை. இரண்டு விரற்கிடை உயரத்தில் எல்லாம் சீராக அறுக்கப்பட்டிருந்தன.

"தாள் எங்கே?" என்று கேட்டோம்.

"ராத்திரிச் சுண்டலுக்கு அறுத்துட்டம், சேர்."

பிள்ளைகள் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம் என்பதை மறைக்க விரும்பவில்லை. 'பயிர் வளர்ச்சி' என்ற நிரலில் பத்துக்கு ஒன்று இட்டோம். நாற்றுமேடையில் வாங்கிய கறிமிளகாய்ச் செடிகளை வர்ணம் பூசிய சாடிகளில் கொண்டுவந்த பையனுக்கு முதற்பரிசு கிடைத்தது.

அன்று மாலை வீடு திரும்பும் வழியிலேயே மனம் அறுக்கத் தொடங்கிற்று. உண்பதற்கென்றே பயிரிடச் சொன்னோம். அத்தனை பாத்திரங்களிலும் ஒரு குடும்பத்தின் பசிக்கு முந்தின இரவே உதவிய பாத்திரம் அது ஒன்றுதான். அதற்கு ஒரு புள்ளி! சான்றிதழ்கள் மறுநாளே வழங்கப்பட்டுவிட்டன, திருத்த வழியில்லை.

சில நாள் கழித்து அந்தப் பிள்ளையின் வீட்டுக்குச் சென்றோம். தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை. தகப்பன் அரிவி வெட்டும் கூலியாள். வெட்டு மெசின் வயலுக்குள் இறங்கிய பிறகு அறுவடைக் காலத்தில் அவனுக்கு வேலை மிச்சமில்லை. பிள்ளைகளைப் பார்ப்பவள் ஆச்சி. தாழ்வாரத்தில், மழைத்தூவானம் படாத இடத்தில், ஏழெட்டுப் பேணிகளும் உடைந்த குடம் ஒன்றும் பசளைப் பையொன்றும் வரிசையாக இருந்தன. எல்லாவற்றிலும் வெங்காயம்.

"இவ்வளவு வளவு இருக்க, ஏன் ஆச்சி பேணியில்?" என்றோம்.

"வளவில போட்டா மாடு திண்டுரும் சேர். மாரியில அழுகிரும், கோடையில வெடிச்சிரும். பேணியெண்டா தூக்கி வைக்கலாம்." சற்றுப் பொறுத்து அவளே தொடர்ந்தாள்: "முகாமில பழகினது."

2007ஆம் ஆண்டு மார்ச் மாதம் படுவான்கரையில் போர் மூண்டபோது சனங்கள் வாவியைக் கடந்து மறுகரைக்கு ஓடினர். மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒரு லட்சத்தைத் தாண்டிற்று. பிறர் நிலத்தில் அடித்த கூடாரத்தின் முன்னால் குழி தோண்ட முடியுமா? நிவாரணமாக வந்த பேணியில் மண்ணை நிரப்பி, முளைவிட்ட வெங்காயம் நாலைந்தை ஊன்றியிருக்கிறாள். "நாளைக்கு எழும்பிப் போ எண்டா, அதையும் தூக்கிட்டுப் போகலாம்தானே?" ஊர் திரும்பியபோது அப்படியே தூக்கி வந்தாளாம்.

முறையும் எளிது. ஆற்றுமணலும் காய்ந்த மாட்டெருவும் சரிபாதி. மேலே கொஞ்சம் அடுப்புச் சாம்பல். கடைக்காரர் முளைவிட்டதென்று ஒதுக்கும் வெங்காயத்தை, நுனி வெளியே தெரியும்படி இரண்டு விரல் இடைவெளியில் ஊன்றவேண்டும். வேர் ஆழம் போகாத பயிராதலால் ஒரு சாண் மண் போதும். நீர் தேங்கினால் அழுகும், துளைகள் அதற்காகவே. மூன்று, நான்கு வாரத்தில் தாள் அறுக்கலாம். நுனியில் வளராமல் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வருவது வெங்காயத் தாளின் இயல்பு. ஆகவே அறுத்த தாள் மறுபடி நீளும்.

எத்தனை முறை? இங்கேதான் விஷயம் இருக்கிறது. சூரிய ஒளியில் உணவு சமைத்துக் கிழங்குக்கு அனுப்புவது தாள். தாளை அறுத்தால், கிழங்கு தன் பழைய சேமிப்பைச் செலவிட்டுப் புதுத்தாள் விடுகிறது. மூன்று அறுப்பு முடிய உள்ளே இருப்பது வெறும் தோல்தான். களுதாவளைப் பக்கத்துக் கடலோர மணலில் கிழங்குக்காகப் பயிரிடுவோர் தாளைத் தொடமாட்டார்கள். ஆச்சிக்கு இது தெரியாததன்று. "கிழங்கு வேணுமெண்டாத் தாளை விடணும். நமக்கு விடேலுமா, சேர்?"

ஆக, அந்தத் தாழ்வாரத்தில் வெங்காயம் ஒருபோதும் வெங்காயமாக ஆவதில்லை. ஒவ்வொரு முறையும் விதைக்குக் கடைக்காரரிடமே போகவேண்டும். கடைக்காரர் கொழும்பின் விலையைப் பார்க்கவேண்டும். கொழும்போ கடலுக்கப்பால் பார்க்கவேண்டும். 1970களின் முற்பகுதியில் வெங்காயமும் மிளகாயும் இறக்குமதியாவது கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் தலைநிமிர்ந்தனர். 1977க்குப் பின் கதவு திறக்க, அவர்கள் விழுந்தனர். 2023 டிசம்பரில் இந்தியா தன் வெங்காய ஏற்றுமதியைத் தடைசெய்தது. அடுத்த ஏப்ரலில் இலங்கைக்கென 10,000 தொன்னுக்கு விலக்களித்ததை நாம் பெரிய நற்செய்தியாக வரவேற்றோம். பேணிக்குள் அறுபடும் தாளுக்கும் இந்த வர்த்தகத்துக்கும் தொடர்பில்லை என்று சொல்வோருடன் வாதிட எமக்கு விருப்பமில்லை. அவர்களை அந்தத் தாழ்வாரத்துக்கு ஒருமுறை அழைத்துப்போனால் போதும்.

1991இல் சோவியத் ஒன்றியம் சிதைந்து கியூபா தனித்து நின்றபோது ஹவானா நகரத்தாரும் வெற்றிடங்களில் பாத்தி கட்டிக் காய்கறி வளர்த்தனர். ஆனால் அங்கே அரசு தரிசு நிலங்களை மக்கள் கையில் இலவசமாகக் கொடுத்தது. விதையும் ஆலோசனையும் கொடுத்தது. கியூபா பின்னரும் பெருமளவு உணவை இறக்குமதி செய்தே வந்தது, அதை மறைக்கவேண்டியதில்லை. எனினும் பயிரிடச் சொல்லுமுன் மண்ணைக் கொடுக்கவேண்டும் என்ற எண்ணமாவது அங்கு இருந்தது. எமது ஆச்சிக்குக் கிடைத்ததோ 'வீட்டுத் தோட்டம் செய்க' என்ற புத்திமதி மட்டும். அதையும் அவள் பதினைந்து ஆண்டுக்கு முன்னரே தானாகச் செய்துகொண்டிருந்தாள்.

புறப்படும்போது அவள் எமக்கு ஐந்து வெங்காயம் தந்தாள். மறுத்துப் பார்த்தோம், விடவில்லை. தை பிறந்ததும் அவற்றைப் பேணியொன்றில் ஊன்றி எமது அறையின் யன்னலோரம் வைத்தோம். சில நாட்களில் பச்சை எட்டிப் பார்த்தது. தாளை நாம் அறுக்கவில்லை. மாதமுடிவில் சம்பளம் வரும். எம்மால் காத்திருக்க முடிந்தது. பங்குனியில் தாள்கள் மஞ்சளித்துச் சாய்ந்தபின் பேணியைக் கவிழ்த்தோம். ஐந்து, பதினெட்டாகியிருந்தன.

பதினெட்டையும் ஒரு கடதாசியில் சுற்றி அந்தப் பிள்ளையிடம் கொடுத்தனுப்பினோம். மறுநாள் விறாந்தையில் எதிர்ப்பட்டாள். என்ன செய்தீர்கள் என்று கேட்டோம்.

"பாதியை ஆச்சி பாலாணத்துக்குப் போட்டா, சேர். மத்தப் பாதி பேணிக்குள்ள."