ஏர் எடுக்கும் வேலை

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். ஏறுவதற்குத் தொடைபலமும் மூச்சும் போதும். இறங்கும்போது சைக்கிள்காரரின் உயிர் இரண்டு விரலில் இருக்கிறது. சேலத்துக்காரர்களுக்கு ஏற்காட்டின் 20 வளைவுகள் உண்டு. அங்கே விடியற்காலையில் ஏறும் சைக்கிள்களில் இப்போது டிஸ்க் பிரேக் சாதாரணம். விலை கூடினால் பிரேக் கம்பிக்குப் பதில் குழாயும் எண்ணெயும் வந்துவிடுகின்றன. கம்பி அறுந்தால் தெருமுனைக் கடையில் மாற்றிவிடலாம். எண்ணெய் பிரேக் தொளதொளத்தால் யாரிடம் போவது?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் முதலில் நாமக்கல் போனேன். லாரிக்குப் பாடி கட்டும் ஊர், கேஸ் டேங்கர்களின் ஊர். பக்கத்திலேயே ரிக் வண்டிகளுக்குத் திருச்செங்கோடு. பிரேக்கைத் தவிர வேறு எதையும் தொடாத மெக்கானிக்குகள் இங்கே இருக்கிறார்கள்.

பட்டறையில் ஒரு பத்துச் சக்கர லாரியின் பின்சக்கரம் கழற்றிக் கிடந்தது. டிரம்மைக் கடைசலுக்கு அனுப்பியிருந்தார்கள். பிரேக் ஷூவில் புது லைனரை வைத்து ஒருவர் ரிவெட் அடித்துக்கொண்டிருந்தார். பெரியவர் ஏர் டேங்கைக் காட்டினார். “காத்து இருந்தாத்தானுங்க வண்டி நகரும். காத்து இறங்கிப் போச்சுன்னா ஸ்பிரிங்கே பின்சக்கரத்தைப் புடிச்சுக்கும். காத்துப் போறதுக்கு நான் பயப்படமாட்டேனுங்க. லைனர் சூடேறுறதுக்குத்தான் பயம்.”

பயத்துக்குக் காரணம் தொப்பூர். தர்மபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் அந்தக் கணவாய்ச் சரிவில் டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடும் வண்டிகள் உண்டு. கியரில் இறங்கினால் என்ஜினும் சேர்ந்து வேகத்தைப் பிடிக்கும். நியூட்ரலில் அத்தனை பாரமும் லைனர்மேல் விழும். சூடேறிய லைனர் டிரம்மைத் தேய்க்கும், நிறுத்தாது. அந்தச் சரிவில் நடந்த விபத்துகளைப் பற்றிப் பேசியபோது பெரியவர் குரல் தாழ்ந்துவிட்டது. சைக்கிளுக்கோ என்ஜினே கிடையாது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் வேகம் முழுவதையும் சூடாக மாற்ற வேண்டியது இரண்டு மெல்லிய டிஸ்க் தகடுகள் மட்டும்தான். அதனால்தான் தெரிந்தவர்கள் வழி முழுவதும் பிரேக்கைப் பிடித்தபடி இறங்குவதில்லை. வளைவுக்கு முன்னால் அழுத்திப் பிடித்து, பிறகு விட்டு, தகட்டில் காற்றுப்பட வைக்கிறார்கள்.

பட்டறையின் மறுபக்கம் ஒரு மினி லாரி நின்றது. அதற்கு எண்ணெய் பிரேக். ஒரு பையன் உள்ளே உட்கார்ந்து பெடலை மிதிக்க, இன்னொருவன் கீழே படுத்து நிப்பிளைத் திறந்தான். “அடி... அடி... புடிச்சுக்க!” குழாயில் குமிழ் குமிழாகக் காற்று வெளியேறியது. இதற்கு ஏர் எடுப்பது என்று பெயர். எண்ணெயை அமுக்கிச் சுருக்க முடியாது, அதனால் கால் கொடுக்கும் அழுத்தத்தை அப்படியே சக்கரத்துக்குக் கொண்டுபோகும். இடையில் ஒரு குமிழ் நின்றால் அந்த அழுத்தத்தைக் குமிழே தின்றுவிடும். பெரிய லாரியில் வேலைக்காரனாக இருந்த காற்று இங்கே எதிரி. சைக்கிளிலும் அதுவே எதிரி.

சேலத்தில் ஓர் இளைஞர் இந்த வேலையை மொட்டைமாடியில் செய்கிறார். நண்பர்களின் சைக்கிள்கள் அவரிடம் வருகின்றன. வண்டியை ஸ்டாண்டில் ஏற்றியதும் சக்கரத்தையும் பிரேக் பேடையும் கழற்றித் தூரமாக வைத்தார். ஒரு சொட்டு எண்ணெய் பட்டாலும் பேடு வீண். பேடு இருந்த இடத்தில் மஞ்சள் பிளாஸ்டிக் கட்டை ஒன்றைச் செருகினார். கட்டை இல்லாமல் லீவரை அழுத்தினால் பிஸ்டன் பிதுங்கி வெளியே வந்துவிடும். லீவரின் மேல்துளையில் சிறு புனல், கீழே கேலிப்பர் நிப்பிளில் எண்ணெய் நிரப்பிய சிரிஞ்ச். கீழிருந்து மெல்ல அழுத்தினார். காற்றுக்கு மேலே போவதுதான் சுபாவம், அதன் வழியிலேயே அதை அனுப்ப வேண்டும். ஸ்பேனரின் பிடியால் குழாய் நெடுகிலும் மெல்லத் தட்டினார். புனலில் ஒரு குமிழ். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு கடுகளவில் வரிசையாக மூன்று.

“அவசரப்பட்டா கடைசிக் குமிழ் உள்ளேயே தங்கிரும்ணா. மலையில எண்ணெய் சூடானதும் அதுவும் விரியும்” என்றார்.

அவர் திரும்பத் திரும்ப எச்சரித்தது எண்ணெயைப் பற்றி. எந்த ஸ்பேர் பார்ட்ஸ் கடையிலும் டாட் 3, டாட் 4 பிரேக் ஆயில் கிடைக்கும். ஆனால் ஷிமானோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில்தான் ஊற்ற வேண்டும். மாற்றி ஊற்றினால் உள்ளிருக்கும் ரப்பர் சீல் உப்பிக் கெடும், லீவர் திரும்பி வராது. நல்லெண்ணத்தோடு யாரோ டாட் ஆயில் ஊற்றிக் கெடுத்த ஒரு லீவரை எடுத்துக் காட்டினார். ஸ்ராம் பிரேக்குகளில் பெரும்பாலானவை டாட் வகையைக் கேட்பவை. டாட் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். புது டாட் 4 கொதிக்க குறைந்தது 230 டிகிரி வேண்டும். ஈரம் ஏறிய பிறகு 155 டிகிரியே போதும். ஆகவே அதைக் காலம் பார்த்து மாற்றியாக வேண்டும். மினரல் ஆயில் ஈரத்தை உறிஞ்சாது என்றாலும், உள்ளே புகுந்த தண்ணீர் கலக்காமல் அடியில், அதிகம் சூடாகும் கேலிப்பரிலேயே போய்த் தங்கும்.

தகட்டின் கனத்தை வெர்னியரால் அளந்தார். புதிதில் 1.8 மில்லிமீட்டர் இருக்கும் ஷிமானோ தகட்டை 1.5க்கு வந்ததும் மாற்றிவிட வேண்டும். அளவு 1.6 காட்டியது. “இந்த மழைக்காலம் வரைக்கும் தாங்கும்” என்று சைக்கிளின் சொந்தக்காரருக்குப் போனில் சொன்னார்.

இதை வீட்டிலேயே செய்யலாமா? செய்யலாம். சரியான எண்ணெய், சுத்தமான கை, அரை நாள் பொறுமை இவை இருந்தால் போதும். ஆனால் குழாய் வெடித்திருந்தாலோ லீவரே கசிந்தாலோ உதிரிபாகத்தை மாற்றித்தான் தீரவேண்டும். நூல் சுற்றுவது, பசை ஒட்டுவது போன்ற சமாளிப்புகளை நான் எவருக்கும் சொல்லமாட்டேன். மற்ற எந்தப் பழுதும் நம்மை வழியில் நிறுத்தும். இந்தப் பழுது மட்டும் நிற்கவிடாது.

நாமக்கல் பெரியவர் சொல்லிக்கொடுத்த சோதனையை இளைஞரிடம் சொன்னேன்: பிரேக்கை ஒரு நிமிடம் விடாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும், அது மெல்ல உள்ளே போனால் எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். அவர் லீவரைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அசையவில்லை. புதுப் பேடு மாட்டியிருந்ததால் தெருவில் கொஞ்சம் வேகமெடுப்பதும் பிரேக் பிடிப்பதுமாகப் பலமுறை ஓட்டினார். பேடும் தகடும் ஒன்றோடொன்று பழகிய பிறகுதான் வண்டி ஏற்காட்டுக்குப் போகலாம் என்றார்.