பற்றும் பண்பும்

மன்னார் வளைகுடாவின் கரையில் அமைந்த சிற்றூர் மாரியூர். பூவேந்தியநாதர் கோயிலும் பனைமரங்களும் மணற்பரப்பும் அவ்வூருக்கு அழகு செய்வன. மாலை வேளையில் அம்மணலில் சிறுவர் கால்பந்து ஆடுவர். அவர்களுள் பந்தடிப்பதில் வல்லவன் ஒருவன், ஒரு நாள் பக்கத்து ஊர் அணியில் நின்று தன் ஊருக்கு எதிராக ஆட வந்தான். புதிய காலணி தருவதாகக் கூறி அவ்வூரார் அவனை அழைத்திருந்தனர். களத்தில் இறங்கும் வரையில் அவன் தன் தோழரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆட்டம் முடிந்தபின் அவர்களுள் ஒருவரும் அவனோடு பேசவில்லை. பிழை யாருடையது?

இவ்வினா கொல்கத்தா மாநகரில் பல்லாயிரவர் உள்ளத்தைக் கலக்கியதுண்டு. அங்கே 1889-இல் தோன்றிய மோகன் பகான் கழகம், 1911-இல் ஆங்கிலப் படையினரின் அணியை வென்று கேடயம் பெற்றது. 1920-இல் ஈஸ்ட் பெங்கால் கழகம் எழுந்தது. 1947-இல் நாடு பிரிந்தபோது வீடும் நிலமும் இழந்து கிழக்கு வங்கத்திலிருந்து வந்த மக்களுக்கு அக்கழகமே பிறந்த மண்ணின் நினைவாயிற்று. எனவே, ஒருவர் எக்கழகத்தைச் சார்ந்தவர் என்பது அங்கே குடிவழி போலத் தந்தையிடமிருந்து மகனுக்கு வருவது.

அத்தகைய நகரில், இடக்கால் ஆட்டத்தில் ஈடிணையற்ற கிருஷானு தே என்னும் இளைஞர், 1985-இல் தம் நண்பர் விகாஷ் பாஞ்சியுடன் மோகன் பகானை விட்டு ஈஸ்ட் பெங்காலில் சேர்ந்தார். ஒரு சாரார் மகிழ்ந்தனர். மறு சாரார் மனம் புழுங்கினர். அந்நாளில் ஆட்டக்காரர் பெயர் பதியும் பருவம் வந்தால், போட்டிக் கழகத்தார் கண்ணிற் படாதவாறு அவர்களை மறைவிடங்களில் வைத்துக் காப்பதும் வழக்கமாயிருந்தது. 1992-இல் கிருஷானு தே மீண்டும் மோகன் பகானுக்கே வந்தார்.

பற்று எல்லை கடந்தால் வெறியாகும். 1980 ஆகஸ்டு 16-ஆம் நாள் இவ்விரு கழகங்களும் ஆடியபோது மூண்ட கலவரத்தில் 16 பேர் உயிரிழந்தனர். ஸ்பெயின் நாட்டிலும் இத்தகைய சினம் உண்டு. 2000-இல் பார்சிலோனாவை விட்டு ரியல் மாட்ரிட் கழகத்தில் சேர்ந்த பீகோ, 2002-இல் பழைய களத்தில் ஆட வந்தபோது, பன்றித் தலை ஒன்றும் களத்தில் எறியப்பட்டது.

மாரியூருக்கு வடகிழக்கே உள்ளது திருப்புல்லாணி. இராமனிடம் வீடணன் அடைக்கலம் புகுந்த இடம் அதுவே என்பர். வீடணன் அண்ணனை விட்டு நீங்கினான். கும்பகருணனோ அண்ணனுக்காகவே உயிர் நீத்தான். கம்பர் இருவரையும் பெருமைப்படுத்தினார். ஏன்? இருவரும் தம் கருத்தை இராவணன் முகத்துக்கு நேரே கூறினர். வீடணனும் அவ்வாறு கூறி, அவன் வெகுண்டு விலக்கியபின்னரே பிரிந்தான். ஒளித்துச் சென்றானல்லன்.

ஆட்டக்காரரின் கால்வலிமை சில ஆண்டுகளே நிலைப்பது. அதற்குள் அவர் தம் குடும்பத்துக்கு வழி தேடல் வேண்டும். அன்பரின் பற்றோ வாழ்நாள் முழுதும் நிலைப்பது, ஊதியம் வேண்டாதது. ஆகவே, ஒருவரை மற்றவர் அளவுகோலால் அளத்தல் தகாது. ஆயினும், கொடுத்த வாக்கின் காலம் முடியுமுன் மறைவில் பேரம் பேசுதல் இருவருக்கும் இழைக்கும் தீங்காகும். இதனாலன்றோ, ஒப்பந்தத்திலுள்ள ஆட்டக்காரரோடு பேசுமுன் அவருடைய கழகத்துக்கு எழுத்தால் தெரிவித்தல் வேண்டும் என உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு விதி வகுத்துள்ளது! தம் அணியை வலுப்படுத்த ஒருவரை அழைத்தல் முறையே. எதிரணியை மெலிவிப்பதற்கென்றே அழைத்து, ஆடவிடாமல் அமர்த்தி வைத்தல் முறையன்று.

மறுநாள் மாலை அச்சிறுவன் மாரியூர்க் கடற்கரைக்குச் சென்றான். “உங்களிடம் முன்னரே சொல்லியிருக்க வேண்டும்,” என்றான். சிறிது நேரம் எவரும் வாய் திறக்கவில்லை. பின்னர் ஒருவன் பந்தை அவன் காலடிக்கு உருட்டினான்.