நோயாளியின் அருகிருப்போர்

நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து உதவுவோர் என மருத்துவத்தின் அங்கங்கள் நான்கென வகுத்தார் திருவள்ளுவர். முதல் மூன்றையும் பற்றிப் பேசுவோர் பலர். நான்காவதைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. இல்லந்தோறும் அந்த நான்காவது அங்கமாக இருப்போர் நாமன்றோ? தாதியர் பயிற்சி பெறாத நாம், எமது வீட்டு நோயாளர்களிடம் கற்ற சிலவற்றை வாசக சகோதரிகளுக்குக் கூற விழைகின்றோம்.

குழந்தைக்கு வயிற்றோட்டம் கண்டால், இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்வதே முதற் கடமை. 'ஜீவனி' போன்ற உப்புக்கரைசற் பொதியை, அதிற் குறித்த அளவு கொதித்தாறிய நீரிற் கரைத்துக் கரண்டி கரண்டியாகப் பருக்குதல் வேண்டும். நீரைக் குறைத்தலும், சுவைக்கெனச் சீனி சேர்த்தலும் தீது. 24 மணி நேரம் கழிந்த கரைசலைக் கொட்டிவிடல் வேண்டும். தாய்ப்பாலை நிறுத்தலாகாது. எமது இளைய மகன் கரைசலை வாந்தியெடுத்தபோது, பத்து நிமிடம் பொறுத்து, முன்னிலும் மெதுவாக மீண்டும் ஊட்டினோம், தங்கியது. கண் குழிந்து, சிறுநீர் குறைந்து, குழந்தை சோர்ந்து துவளுமாயின் வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும்.

டெங்குச் சுரமோ நம்மை ஏமாற்றும் இயல்பினது. 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000க்கும் மேற்பட்டோர் அந்நோய்க்கு ஆளாயினர். எமது மூத்த மகளும் அவருள் ஒருத்தி. வைத்தியர் சொற்படி பரசிட்டமோல் மட்டுமே கொடுத்தோம். அஸ்பிரின், இபுபுரோபென் ஆகியன இரத்தக் கசிவை மிகுவிக்கக்கூடும் என்பதால் விலக்கினோம். நான்காம் நாட் காலையிற் சுரம் தணிந்தது. வீட்டார் மகிழ்ந்தனர். ஆயின், அவள் பருகிய நீரையும் கழித்த சிறுநீரையும் நாம் அளந்து குறித்துவந்த கொப்பி வேறு செய்தி கூறிற்று. முதல்நாள் இரவிலிருந்தே சிறுநீர் அருகியிருந்தது, வயிற்றுவலியும் தொடங்கிற்று. தாமதியாது வைத்தியசாலையிற் சேர்த்தோம். சுரம் விடும் வேளையே ஆபத்து வேளையென அங்கு விளக்கினர். ஒரு வாரத்தில் அவள் நலமுற்று மீண்டாள்.

முதுமையிலோ நோயைக் காட்டிலும் படுக்கையே பகையாவதுண்டு. பாரிசவாதத்தால் வீழ்ந்த எமது மாமியாரை 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிக் கிடத்தினோம். இடுப்பிலும் குதிக்காலிலும் சிவப்புத் தோன்றி மறையாவிடின், அதுவே படுக்கைப் புண்ணின் முன்னறிவித்தல். அவ்விடத்தைத் தேய்த்தலாகாது, பாரம் படாது விலக்கி வைத்தலே தகும். உணவூட்டுகையில் நிமிர்த்தி இருத்துவோம். படுத்தவாறு உண்டால் உணவு சுவாசக்குழாயிற் புகக்கூடும்.

பேச்சிழந்த அவருக்கு நாணம் இழக்கவில்லை. ஆடை மாற்றுமுன் கதவைச் சாத்தி, "மாமி, திருப்பப் போகிறோம்" எனச் சொல்லியே தொடுவோம். அவரது இறுகிய கை சற்றே தளர்வதை ஒவ்வொரு முறையும் உணர்ந்தோம்.

இப்பணியை ஒருவர் தோளில் மட்டும் சுமத்துதல் நீதியன்று. எமது இல்லத்தில் நள்ளிரவு முறை கணவருடையது. விடியற்கால முறை மகனுடையது. அருகிருப்போரும் உண்ணவேண்டும், உறங்கவேண்டும். அவர் தளர்ந்து வீழ்ந்தால், ஒரு கட்டிலில் இருந்த நோய் இரு கட்டில்களைப் பிடித்துக்கொள்ளும்.