கேள்விக்கு முன்னே கை

டிசம்பர் 4, 2023, திங்கள். கொரட்டூர், சென்னை.

மிக்ஜாம் புயல்மழை விடாமல் கொட்டுகிறது. அம்பத்தூர் ஏரி நிரம்பினால் கொரட்டூர் ஏரிக்கு வரும். அதுவும் நிரம்பினால் தெருதான் கால்வாய். மதியத்துக்குள் கீழ்வீட்டில் முழங்காலுக்கு மேல் சாக்கடைத் தண்ணீர். அங்கே படுத்த படுக்கையாய்ப் பாட்டி. மகன் வெளியூரில், பார்த்துக்கொள்ளும் அம்மா ஆவடியிலிருந்து வர வழியில்லை. பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாலு பேராக மாடிக்குத் தூக்கிவந்தோம்.

டிசம்பர் 5, செவ்வாய்.

புயல் பாபட்லா அருகே கரையைக் கடந்துவிட்டது. தண்ணீர் வடியவில்லை, கரண்ட் வரவில்லை. பாட்டிக்கு வயிற்றுப்போக்கு. புடவையை மாற்றி, வெந்நீரில் துணி நனைத்துத் துடைத்தேன். இடுப்பில் படுக்கைப்புண் கன்றிச் சிவந்திருந்தது. துணி படும்போதெல்லாம் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். பக்கத்து வீட்டு அக்கா ஆற்றாமையோடு கேட்டார்: "இவ்ளோ செய்யறியே, ஒருநாளாவது நம்மகிட்ட முகம் கொடுத்துப் பேசியிருக்காங்களா?"

டிசம்பர் 6, புதன்.

அக்காவின் கேள்வி பௌத்தத் துறவிகளின் ஒழுக்க நூலான விநயபிடகத்திலேயே இருக்கிறது. வயிற்றுப்போக்கால் தன் கழிவிலேயே கிடக்கும் ஒரு பிக்குவைப் புத்தர் காண்கிறார். ஏன் யாரும் கவனிக்கவில்லை? அவர் மற்றவர்களுக்கு எதுவும் செய்ததில்லை, அதனால்தான். புத்தர் தண்ணீர் ஊற்ற, சீடர் ஆனந்தர் கழுவுகிறார். தலைப்பக்கம் ஒருவர், கால்பக்கம் ஒருவராகத் தூக்கிக் கட்டிலில் கிடத்துகிறார்கள். அதற்குப் பிறகுதான் சங்கத்தைக் கூட்டிப் பேசுகிறார்: தாயும் தந்தையும் உடனில்லாத நீங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளாவிட்டால் வேறு யார் பார்ப்பார்கள் என்று. தனக்குப் பணிவிடை செய்ய நினைப்பவர் நோயாளிக்குச் செய்யட்டும் என்றும் சொல்கிறார். முதலில் கழுவினார், பிறகே போதித்தார். எனக்கு அந்த வரிசைதான் பெரிது.

டிசம்பர் 7, வியாழன்.

அம்பத்தூர் பால் பண்ணைக்குள்ளேயே தண்ணீர் புகுந்ததால் எங்கும் பால் தட்டுப்பாடு. கிடைத்த ஒரு பாக்கெட் கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் போனது. அக்காவே பாட்டிக்கு உப்புப் போட்ட கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார்.

விசுத்திமக்கம் என்ற பௌத்த நூலில் புத்தகோசர் கருணைக்கு இரண்டு பகை சொல்கிறார். தூரத்துப் பகை, கொடுமை. பக்கத்துப் பகை, கருணைபோலவே தோன்றும் துக்கம். மனம் உடைந்து நான் உட்கார்ந்துவிட்டால் பாட்டிக்குப் புடவை மாற்ற ஆளில்லை. பூந்தமல்லி தாண்டிப் போகும் சாலையில் உள்ள காஞ்சியில்தான், பஞ்சத்தில் வாடியவர்களுக்கு மணிமேகலை அமுதசுரபியோடு சோறிட்டதாகச் சாத்தனார் பாடினார். துயரம் கண்ட இடத்தில் அவளும் வேலையைத்தான் தொடங்கினாள்.

தண்ணீர் வடிந்ததும் இந்தத் தெருவில் தனியாக, நடமாட முடியாமல் இருப்பவர்கள் யார், அவர்களை யார் தூக்குவது என்று அக்காவும் நானும் எழுதிவைக்கப் போகிறோம். அடுத்த மழைக்கு அவர்கள் கூப்பிடும்வரை காத்திருக்கக் கூடாது.