கடைசிப் பெயர்

நம்மிடம் இளங்கலைத் தமிழ் படித்துப் பின்னர் சமூகவியலுக்குச் சென்ற மாணவி ஒருவர், தம் முதல் ஆய்வுக் கட்டுரை அச்சேறிய ஆங்கில இதழோடு சென்ற மாதம் வந்திருந்தார். பீடி சுற்றும் பெண்களின் கடன்கள் பற்றியது; மூன்றாண்டுக் களப்பணி. நாம் மகிழ்ந்தோம். அவர் மகிழவில்லை. "இனிமே இதை யார் மேற்கோள் காட்டினாலும் எங்கப்பா எழுதினதாத்தான் இருக்கும், ஐயா" என்றார். அவர் கைக்குழந்தையாய் இருந்தபோதே வீட்டைவிட்டுச் சென்றவர் அத்தந்தை.

சமூக அறிவியலில் பெரிதும் வழங்கும் ஏ.பி.ஏ. முறையில், துணைநூற்பட்டியலில் ஆசிரியரின் குடும்பப் பெயர் முழுமையாக முன்னே நிற்கும். சொந்தப் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கிக் காற்புள்ளிக்குப் பின்னே ஒதுங்கும். கட்டுரைக்குள்ளோ பெரும்பாலும் அவ்வெழுத்தும் இராது; குடும்பப் பெயரும் ஆண்டும் மட்டுமே. நம்மில் பலருக்குக் குடும்பப் பெயரே கிடையாது. தந்தை பெயரின் தலைப்பெழுத்தும் நம் பெயருமே உண்டு.

தலைப்பெழுத்து தன் இடத்தில் முன்னால் நின்றவரை தொல்லை எழவில்லை. க. கைலாசபதி 'கைலாசபதி, க.' ஆனார், எம்.எஸ்.எஸ். பாண்டியன் 'பாண்டியன், எம்.எஸ்.எஸ்.' ஆனார். 1933இல் கோலன் பகுப்புமுறையை வெளியிட்ட நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதனின் 'எஸ்' சீர்காழியைக் குறிப்பது. 'ஆர்' தந்தை ராமாமிருதம். ஊரும் தந்தையும் எழுத்துகளாகிப் பின்னே போக, பட்டியலில் ரங்கநாதனே முன் வந்தார். கடவுச்சீட்டும் இணையப் படிவமும் தலைப்பெழுத்தை விரித்துப் பின்னால் கொண்டுபோய் வைத்தபோதுதான் எல்லாம் இடம் மாறிற்று.

பழியை வெள்ளைக்காரர் தலையில் சுமத்திவிடுவது எளிது. ஆனால் அந்தப் படிவத்தை அவர் நிரப்பியபோது அருகில் அமர்ந்திருந்தவர் நாமே. 'கடைசிப் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அடுத்த பக்கம் திறக்கவில்லை. "அப்பா பேரைப் போட்டுடும்மா" என்றோம். தொல்காப்பியம் நடத்துகிறவருக்கு ஒரு சொல் எவ்விடத்தில் நின்றால் என்ன பொருள் தரும் என்று தெரிந்திருக்க வேண்டாமா? கடைசிப் பெயர்க் கட்டத்தில் அவர் பெயரையும், முதற்பெயர்க் கட்டத்தில் தலைப்பெழுத்தையும் இடச் சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும்.

இப்போது சிக்கல் வேறு. அடுத்த கட்டுரையில் திருத்திக்கொண்டால், இரண்டும் இருவேறு ஆட்கள் எழுதியவையாகப் பட்டியல்களில் பிரிந்துவிடக்கூடும். ஆர்க்கிட் எண்ணில் இரு வடிவங்களையும் சேர்த்து வைக்கலாம். அச்சான பக்கம் மாறாது. வேலைக்கு விண்ணப்பிக்கும் ஆண்டில் ஒரு கட்டுரை கணக்கில் வராமற்போவது சிறிய இழப்பன்று. இதையெல்லாம் சொன்னோம். பொறுமையாகக் கேட்டவர், "பரவாயில்லை, ஐயா" என்று மடிக்கணினியைத் திறந்தார். கடைசிப் பெயர்க் கட்டத்தில் தம் பெயரை இட்டார். முதற்பெயர்க் கட்டத்தில் அம்மா பெயரின் முதலெழுத்தை.