போ போ என்றால் பாட்டி!

சிங்கப்பூருக்குப் போகும் நம்மவர்கள் சௌத் பிரிட்ஜ் ரோட்டிலுள்ள ஸ்ரீ மாரியம்மன் கோயிலைத் தரிசிக்காமல் திரும்புவதில்லை. 1827-ல் ஏற்பட்ட கோயில் அது. அம்பாளைக் கும்பிட்டுவிட்டு அப்படியே பக்கத்துத் தெருவுக்குள் நுழைந்து பாருங்கள். தெருவின் பெயர் பகோடா ஸ்ட்ரீட். நாக்கில் ஜலம் ஊற வேண்டாம்! நம் அம்மன் கோயில் கோபுரத்தை வைத்து வந்த பெயர்தான் அது. சைனா டவுன் என்பது இந்த வட்டாரந்தான்.

ஒரு காலத்தில் இந்தத் தெருக்களில் காதில் விழுந்ததெல்லாம் கான்டனீஸ் பாஷை. தென் சீனாவின் குவாங்டோங் மாகாணத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள் கொண்டு வந்தது. ஒரே சொல்லை ஆறு விதமாக ராகம் மாற்றிச் சொன்னால் அர்த்தமும் மாறிப் போகும். நம் நெடுங்கணக்கில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் 'ங'வுக்கு அங்கே ஓயாத உத்தியோகம். 'நான்' என்பதற்கே 'ஙோ' என்றுதான் சொல்ல வேண்டும்!

அங்கே ஒரு டீக்கடையில், முப்பது வயதுச் சீனப் பெண் ஒருத்தி, கடைக்காரக் கிழவியிடம் ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுத் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சீனப் பெண்ணுக்கே சீன பாஷையில் பாடமா?" என்று இங்கிலீஷில் விசாரித்தேன்.

"இது என் போ போவின் பாஷை" என்றாள்.

'போ போ' என்றால் யாரையோ விரட்டுவது போல் இருக்கிறதல்லவா? அம்மாவைப் பெற்ற பாட்டியைத்தான் அப்படி அழைக்கிறார்கள். அந்தப் பாட்டி சென்ற வருஷம் காலமாகிவிட்டாள்.

"பாட்டி பேசினால் புரியும். பதில் சொல்லத்தான் வராது" என்றாள் பேத்தி.

காரணம் இதுதான். ஹொக்கியன், டியோச்சு, கான்டனீஸ் என்று பல பாஷை பேசிய சீனர்கள் அனைவரும் மாண்டரின் பேச வேண்டுமென்று 1979-ல் பிரதமர் லீ குவான் யூ ஓர் இயக்கம் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் மாண்டரினும் போதித்தார்கள். ரேடியோவிலும் டெலிவிஷனிலும் பழைய பாஷைகள் ஓய்ந்தன. சீனர்களுக்குப் பொதுவாக ஒரு பாஷை கிடைத்தது, வாஸ்தவந்தான். ஆனால் பல வீடுகளில் பாட்டிக்கும் பேத்திக்கும் பொதுவாக ஒரு பாஷை இல்லாமல் போயிற்று. 2020 ஜனத்தொகைக் கணக்கின்படி, வீட்டில் இந்தப் பழைய பாஷைகளை அதிகமாகப் பேசுகிறவர்கள் நூற்றுக்கு 8.7 பேர்தான்.

"நான் வாசலில் கால் வைத்ததுமே, 'சிக் சோ ஃபான் மெய்?' என்பாள் பாட்டி. 'சாப்பிட்டாச்சா?' என்று அர்த்தம். நான் தலையை மட்டும் ஆட்டுவேன்."

எந்தப் பாட்டிதான் வேறு கேள்வி கேட்கிறாள், சொல்லுங்கள்!

கான்டனீஸில் நன்றிக்கு இரண்டு வார்த்தைகள். ஒத்தாசை செய்தால் 'ம் கோய்'. பரிசு கொடுத்தால் 'தோ செ'. இத்தனை வருஷம் சமைத்துப் போட்ட பாட்டிக்கு எதைச் சொல்வது என்று அந்தப் பெண் கேட்டாள்.

கிழவி சிரித்துவிட்டாள். "பாட்டிக்கு யாராவது நன்றி சொல்வார்களா? 'சிக் சோ லா' என்று சொல்லு. சாப்பிட்டாச்சு என்று தெரிந்தால் அவளுக்குப் போதும்!"

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு அதையே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தாள். ராகம் தப்பும்போதெல்லாம் கிழவி திருத்தினாள்.

ஏப்ரல் 4, 5 தேதி வாக்கில் சீனர்களுக்குச் சிங் மிங் வருகிறது. நம் மஹாளயத்தைப் போல முன்னோர்களை நினைக்கும் நாள். பாட்டியின் அஸ்தி இருக்கும் மாடத்துக்கு எதிரே பழமும் பலகாரமும் வைத்து, ஊதுவத்தி ஏற்றி, இத்தனை நாள் பாக்கியிருந்த பதிலைப் பேத்தி சொல்லப் போகிறாள்:

"சிக் சோ லா, போ போ!"