காய்ச்சல் விட்டுருச்சு தம்பி!

போன ஜனவரியில மூணு நாள் செம்மேட்டுல இருந்தேன். காரவள்ளியில ஆரம்பிச்சு எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறி, வல்வில் ஓரி சிலைக்கிட்ட பஸ்ஸை விட்டு இறங்கும்போது, காலையில சாப்பிட்ட இட்லி எந்த வளைவுல போச்சுன்னே தெரியலை. நண்பனோட சொந்தக்காரர் ஒருத்தருக்கு ஊருக்குக் கொஞ்சம் கீழே மிளகுத் தோட்டம். சில்வர் ஓக் மரத்துல மூங்கில் ஏணியைச் சாத்தி மிளகு பறிச்சுக்கிட்டு இருந்தாங்க. நானும் உதவி பண்றேன்னு உபத்திரவம் பண்ணிக்கிட்டு இருந்தேன்.

ராத்திரி குளிக்கும்போது முழங்காலுக்குப் பின்னாடி கசகசா சைஸ்ல ஒரு கறுப்புப் புள்ளி. மச்சம்னு நினைச்சேன். மச்சத்துக்குக் கால் இருக்காதே!

அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். சிரிச்சார். "உண்ணி தம்பி. பீடியைப் பத்த வெச்சுக் காட்டுனா தானா விழுந்துரும். நாங்க தெனமும் பிச்சுப் போடறதுதான்."

வேண்டாம்ணேன்னு சொல்லிட்டேன். சூடு வைக்கிறதும் மண்ணெண்ணெய் ஊத்தறதும் தப்பு, தோலை ஒட்டிப் பிடிச்சு நேரா மேல இழுத்து எடுக்கணும்னு எங்கேயோ படிச்ச ஞாபகம். அவர் பொண்ணோட புருவம் திருத்தற ப்ளக்கர் கை கொடுத்துச்சு.

ஊருக்கு வந்த ஆறாம் நாள் காய்ச்சல். மூணு நாள் அடிச்சுட்டு விட்டுருச்சு. வீட்ல எல்லாருக்கும் நிம்மதி. எனக்கு மட்டும் பயம் அப்பதான் ஆரம்பிச்சது. படுத்துக்கிட்டே படிக்கக் கூடாததையெல்லாம் படிச்சுத் தொலைச்சிருந்தேன்.

படிச்ச கதை இதுதான். 1957ல கர்நாடகாவுல ஷிமோகா மாவட்டத்துல கியாசனூர் காட்டுல குரங்குகள் கொத்துக் கொத்தா செத்து விழுந்துச்சு. பக்கத்துக் கிராமங்கள்ல ஜனங்களுக்கும் கடுமையான காய்ச்சல். மஞ்சள் காய்ச்சல் இந்தியாவுக்குள்ள வந்துருச்சோன்னு முதல்ல பயந்தாங்க. புனேயில இருந்த வைரஸ் ஆராய்ச்சி மையத்துக்காரங்க தேடிப் பார்த்தா, உண்ணி வழியா பரவற ஒரு புது வைரஸ். ரஷ்யாவுல மூளைக்காய்ச்சல் உண்டாக்கற உண்ணி வைரஸுக்குச் சொந்தக்காரன். நோய்க்குக் கியாசனூர் காட்டு நோய்னு பேர் வெச்சாங்க. ஊர் ஜனங்க வெச்ச பேர் 'மங்கன காயிலே', குரங்கு நோய். குரங்கு செத்ததும் அது மேல இருந்த உண்ணியெல்லாம் கீழே இறங்கி அடுத்த ஆளைத் தேடும். அந்த ஆள் நாமளாவும் இருக்கலாம். மனுஷன்கிட்ட இருந்து மனுஷனுக்கு இது தொத்தறதில்லை.

இதோட கள்ளத்தனம் என்னன்னா, ரெண்டு தவணையா வரும். முதல் தவணை காய்ச்சல், தலைவலி, உடம்பு வலி, சிலருக்கு ரத்தக் கசிவு. அப்புறம் விட்டுரும். ஒரு வாரம், ரெண்டு வாரம் ஆள் நல்லா நடமாடுவார். பத்துப் பேர்ல ஒருத்தர் ரெண்டு பேருக்கு மறுபடி காய்ச்சல் திரும்பும். இந்தத் தடவை கழுத்து விறைப்பு, கை நடுக்கம், புத்தி தடுமாற்றம், பார்வைக் கோளாறு. அதாவது மூளை. நோய் வந்தவங்கள்ல நூத்துக்கு மூணு முதல் அஞ்சு பேர் வரை உயிர் போயிருக்கு.

மூளைக்குள்ள என்ன நடக்குதுங்கறதை அந்த ரஷ்யச் சொந்தக்காரனை வெச்சுத்தான் அதிகம் ஆராய்ஞ்சிருக்காங்க. நரம்புச் செல் மரம் மாதிரி கிளை விட்டு நிக்கும். நடுவுல இருந்து கிளை நுனிக்கு, இன்ன புரதம் செய்யுன்னு குறிப்புச் சீட்டு கொண்டுபோக உள்ளுக்குள்ளேயே ஒரு வண்டி இருக்கு. இந்த வைரஸ் தன்னோட சீட்டையும் அதே வண்டியில ஏத்தி விட்டுடுதாம். கிளைக்குள்ளேயே போய் உட்கார்ந்து பெருகுது. ஜப்பானோட ஹொக்கைடோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலியோட நரம்புச் செல்லுல இதைக் கண்டுபிடிச்சு 2017ல எழுதினாங்க. ஆய்வகத்துல வளர்த்த மனித மூளைச் செல்கள்ல பார்த்தப்போ, பக்கத்துல இருக்கற ஆஸ்ட்ரோசைட் செல்கள் ஓரளவு தாக்குப் பிடிக்குது, நரம்புச் செல்தான் செத்துப் போகுது. போதாததுக்கு, வைரஸை அடிக்க வர்ற நம்ம உடம்போட படையும் அங்கேயே சேதம் பண்ணும். தோல் போனா தோல் வளரும். செத்த நரம்புச் செல்லுக்கு மாத்து ஆள் கிடையாது.

1937ல சோவியத்தோட கிழக்குக் கோடிக் காட்டுக்கு இந்த நோயைத் தேடிப்போன குழுவுல மிகயீல் சுமகோவ்னு ஒரு இளம் விஞ்ஞானி இருந்தார். அவருக்கே தொத்திக்கிச்சு. பிழைச்சார், ஆனா வலது கையும் காதும் திரும்ப வரலை. அந்தக் கையோடதான் பின்னாடி போலியோ தடுப்பு மருந்துல பெரிய வேலை பார்த்தார்.

படிச்சதுக்கு அப்புறம் சும்மா இருக்க முடியுமா? தினமும் கையை நீட்டி நடுங்குதான்னு பார்ப்பேன். பயத்துல நடுங்கும் :) ரெண்டு வாரம் போச்சு. ஒண்ணும் ஆகலை.

யாரும் கொல்லிமலை டூரை கேன்சல் பண்ணிடாதீங்க. இந்த நோய் பதிவானதெல்லாம் மேற்குத் தொடர்ச்சி மலை வட்டாரத்துல: பந்திப்பூர், நீலகிரி, வயநாடு, கோவான்னு 2012க்கு அப்புறம் பரவியிருக்கு. வயநாட்டுல 2015ல சுமார் நூறு பேருக்கு வந்துச்சு. கொல்லிமலை இருக்கறது கிழக்குத் தொடர்ச்சியில. எனக்கு வந்தது ஏதோ சாதாரணக் காய்ச்சலாத்தான் இருக்கணும். நான் பண்ண தப்பு, மலைக்குப் போனதையும் உண்ணி கடிச்சதையும் டாக்டர்கிட்ட சொல்லாததுதான். தமிழ்நாட்டுல புதர்ச் சிலந்திப்பூச்சி கடிச்சு வர்ற ஸ்க்ரப் டைஃபஸ் நிறைய உண்டு. நேரத்துக்குச் சொன்னா டாக்ஸிசைக்ளின் மாத்திரையில போயிரும். சொல்லலைன்னா ஆளையே கொண்டுபோகும்.

பயம் தெளிஞ்சதும் அண்ணனுக்கு போன் பண்ணினேன். காத்துச் சத்தம்.

"எனக்கும்தான் போன மாசம் காய்ச்சல். விட்டுருச்சு தம்பி. மரத்து மேல இருக்கேன்."

"எத்தனை நாள்ணே படுத்திருந்தீங்க?"

"ரெண்டு நாளு. அதுக்கு மேல மிளகு காத்துக்கிட்டு இருக்குமா?"

எனக்குப் பேச்சு வரலை. சம்பளத்தோட லீவு போட்டுட்டு ரெண்டு வாரம் கையை நீட்டி நீட்டிப் பார்த்தவன் நான். கியாசனூர் காட்டு நோய் தலை தூக்கறது டிசம்பர்லேர்ந்து மே வரைக்கும். மிளகுப் பறிப்பு, சருகு அள்ளறது, விறகு சேக்கறது எல்லாம் அந்த மாசங்கள்லதான். காட்டுக்குள்ள போனாத்தான் கூலிங்கறவங்களுக்கு, ரெண்டு தவணைக்கும் நடுவுல இருக்கற அந்த நல்ல நாள்களெல்லாம் வேலை நாள். கர்நாடகாவுல பல வருஷம் போட்ட தடுப்பூசியும் சரியா பலன் தரலைன்னு 2022ல நிறுத்திட்டாங்க. வைரஸைக் கொல்ல தனி மருந்தும் கிடையாது. இருக்கற காப்பு, உடம்பை மூடின துணி, சாயங்காலம் உடம்பைத் தடவிப் பார்க்கற பழக்கம், செத்த குரங்கைக் கண்டா தொடாம தகவல் சொல்றது, அப்புறம் காய்ச்சல் விட்ட பிறகும் ரெண்டு வாரம் கவனமா இருக்கறது.

இதையெல்லாம் அண்ணன்கிட்ட மூச்சு விடாம சொன்னேன். மரத்து மேல இருந்தே பொறுமையா கேட்டார்.

"சரி தம்பி, அந்தக் கிடுக்கியை நானே எடுத்து வெச்சுக்கிட்டேன். பசங்களுக்கெல்லாம் இப்ப அதுலதான் எடுக்கறோம். பொண்ணுதான் திட்டிக்கிட்டுக் கெடக்கு."

அடுத்த தடவை செம்மேட்டுக்குப் போகும்போது ரெண்டு ப்ளக்கர் வாங்கிட்டுப் போகணும்.